தோட்டம் உண்டு, தொழிலாளி எங்கே?



சிங்கப்பூருக்குப் போய் வருகிறவர்கள் நம்மில் பலர். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, தேக்காவில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, உறவுக்காரர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, மறுநாள் பஸ் ஏறித் திரும்புவது நம் வழக்கம். அதே ஊரில் ஓர் இரவு படுப்பதற்கு 1,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் வாங்கும் ஓட்டல்களும் இருக்கின்றன. இருக்கட்டும். பணமுள்ளவன் படுக்கிறான், நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் அப்படிப்பட்ட ஓட்டல் ஒன்று நம் தோட்டத்தையே அலங்காரமாக்கிக் காசு பார்க்கிறது என்றால் வாய்மூடி இருக்க முடியுமா?

சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், பீச் ரோட்டில் இருக்கிறது ராபிள்ஸ் ஓட்டல். ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887-ல் பத்து அறைகள் கொண்ட ஒரு பங்களாவில் தொடங்கியது. 1987-ல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ‘லாங் பார்’ என்றொரு மதுக்கூடம் உண்டு. 1920-களின் மலாயாத் தோட்டத்தை மனத்தில் வைத்து அமைத்தது என்று ஓட்டல்காரர்களே பெருமையோடு சொல்கிறார்கள். கூரையிலே ஓலை விசிறிகள் வரிசையாக அசைந்தாடும். மேசையிலே வேர்க்கடலை இருக்கும். உடைத்துத் தின்றுவிட்டுத் தோலைத் தரையிலே வீசலாம். குப்பை போட்டால் அபராதம் போடும் ஊரிலே இதற்கு மட்டும் விலக்கு! துரைமார் அன்று அப்படித்தான் இருந்தார்களாம்; அந்தச் சுகத்தை இன்றைய விருந்தாளியும் அனுபவிக்க வேண்டுமாம்.

1920-களின் தோட்டமா? அந்தத் தோட்டத்தை நாமும் கொஞ்சம் அறிவோம் ஐயா! விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்கள் நம் பாட்டன்மார். ஒரு கையில் வாளியும் மறுகையில் உளியுமாக நிரைக்குள் நுழைந்தவர்கள் நம் பாட்டிமார். 1920-களின் கடைசியில் கிள்ளான், கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-ல் ரப்பர் விலை சரிந்ததும் அந்தக் கூலியும் வெட்டுப்பட்டது. இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலையிழந்து தமிழகத்துக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். ஓலை விசிறி எந்தப் பக்கம் வீசியதென்று நமக்குத் தெரியாதா?

1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமா? துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். இதெல்லாம் எந்த மதுக்கூடச் சுவரிலும் ஏறாது. ஏறினால் விருந்தாளிக்குக் கடலை தொண்டையில் சிக்கும் அல்லவா!

இன்னொன்று கேளுங்கள். அந்த ஓட்டலின் புகழ்பெற்ற பானம் ‘சிங்கப்பூர் ஸ்லிங்’. 1915-ஐ ஒட்டி அதைக் கலந்து கொடுத்தவர் ஙியாம் தோங் பூன் என்ற ஹைனான் சீனத் தொழிலாளி. அவர் பெயரை இன்றும் சொல்கிறார்கள். நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். கலந்தவருக்குப் பெயர் உண்டு. குடித்தவன் செலவழித்த பணத்தை மரத்திலிருந்து வடித்துக் கொடுத்தவனுக்கு ஏன் இல்லை? இன்று அந்தப் பானம் ஒரு கிளாஸ் 40 சிங்கப்பூர் வெள்ளியை ஒட்டி விற்கிறது. மலேசியாவில் 2025-ல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாளுக்கு வகுத்துப் பாருங்கள், கிராணிமாரே! ஒரு கிளாசுக்கு இரண்டு நாள் உழைப்பு.

“அழகுக்காக வைத்திருக்கிறார்கள். தோட்டத்தை நினைக்கவாவது ஓர் இடம் இருக்கிறதே, அதற்குப் போய்ச் சண்டையா?” என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமாகத் தோன்றும் கேள்விதான். ஆனால் நினைக்கப்படுவது தோட்டமா, துரையின் சாய்வு நாற்காலியா? சிங்கப்பூர்ப் பூங்காவனத்துக்கு 1877-ல் 22 ரப்பர்க் கன்றுகள் வந்ததை எழுதுகிறார்கள். மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டைக் கண்டறிந்த ரிட்லியையும் எழுதுகிறார்கள். அந்த வெட்டைக் கோடானுகோடி முறை பிசகாமல் வெட்டிய கைகளைப் பற்றி ஒரு வரி காணோம். ரப்பர் விலை இன்றும் சிங்கப்பூர்ச் சந்தையிலே பேசப்படுகிறது. ஆகவே அந்த நகரம் நமக்கு அந்நியமல்ல, உரிமையோடுதான் கேட்கிறோம்.

ஓட்டலில் கடலைத் தோலைக் கூட்டுகிறவரும், படுக்கை விரிக்கிற பெண்ணும் நம் இனம், அதாவது உழைப்பாளி இனம். அவர்கள் பிழைப்பில் மண் விழ வேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

பழைமையை விற்பது இப்போது ஒரு மோகமாகிவிட்டது. சிங்கப்பூர் ஆற்றோரம் 1895-ல் கட்டிய கிடங்கு 2017-ல் சொகுசு ஓட்டலாயிற்று. லிட்டில் இந்தியாவில் டிக்சன் சாலையிலே 1920-களின் பள்ளிக்கூடக் கட்டடம் 2010-ல் ஓட்டலாயிற்று. கட்டடம் இடிபடாமல் நிற்பது நல்லதே. ஆனால் அந்தத் தெருக்களிலே ஞாயிற்றுக்கிழமை வந்து கூடும் இன்றைய தொழிலாளி எப்படி நடத்தப்படுகிறான்? 2013 டிசம்பர் 8-ல் ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு தமிழ்த் தொழிலாளி பஸ்ஸில் அடிபட்டு இறந்தார், கலவரம் மூண்டது. 2015-ல் வந்த மதுக்கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவுக்குத் தனிக் கெடுபிடி வைத்தது. குடிக்கு நாம் வக்கீல் அல்ல. கள்ளுக்கடையை மூடச் சொன்ன பரம்பரை. ஆயினும் புல்தரையில் உட்கார்ந்தவன் கையிலிருந்தால் தொல்லை, ஓலை விசிறிக்கு அடியில் இருந்தால் பாரம்பரியமா?

அந்த மதுக்கூடத்தை மூடச் சொல்லவில்லை. தோட்டத்தின் பெயரால் விற்கிறவர்கள் ஓர் உளியையும், ஒரு மங்கையும், நிரையில் நிற்கும் ஒரு பெண்ணின் படத்தையும், அந்த 40 காசுக் கணக்கையும் சுவரில் மாட்டட்டும். இதைச் சங்கம் கடிதமாக எழுதிக் கேட்க வேண்டும்.

கேட்குமுன் நம் கையில் சான்று வேண்டும். தோட்டங்கள் பல வீடமைப்பாகிவிட்டன, ஆபீசுகள் இடிபடுகின்றன. கிராணிமாரே, பழைய செக்ரோல் புத்தகம் எங்கே செல்லரித்துக் கிடந்தாலும் எரிக்க விடாதீர்கள். தோழர்களே, வீட்டுப் பரணில் பாட்டியின் உளி இருந்தால் இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். துடைத்து, அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, உங்கள் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.