நகையை அடகு வைக்கும் முன் 3 கேள்வி: நர்சுக்கு மேலே படி உண்டா?

திண்டுக்கல்:

"டாக்டர் சீட்டு கிடைக்கலேன்னா என்ன? டாக்டருக்கு அடுத்த படிப்பு இருக்கே!"

பிளஸ்-2 முடிவு வந்ததும் வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், நத்தம் பக்கத்து வீடுகளில் கேட்கும் பேச்சு இது. 'பிசிசியன் அசிஸ்டெண்ட்' என்கிறார்கள். 'நர்சு பிராக்டிசனர்' என்கிறார்கள். பேர் ஜோராக இருக்கிறது. கட்டணத்துக்காக வீட்டு நகை அடகுக்கடைக்குப் போகிறது. படித்து முடித்தால் ஏறுவதற்குப் படி இருக்கிறதா? அதுதான் கேள்வி.

பழைய ஏணி

திண்டுக்கல்லுக்கு நர்சு பயிற்சி புதிது அல்ல. டாக்டர் சவுந்திரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே கஸ்தூரிபா ஆஸ்பத்திரி வந்தது. நர்சுகளுக்குப் பயிற்சியும் வந்தது.

அரசாங்க வேலையில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்தவர், பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று ஏறலாம். ஆஸ்பத்திரி நர்சு கண்காணிப்பாளர் ஆகலாம். ஆமை வேக ஏணிதான். ஆனாலும் ஒவ்வொரு படிக்கும் பதவிப் பேர் உண்டு; அதற்கேற்ற சம்பளம் உண்டு.

அந்த ஏணியிலும் முதல் படி வழுக்குகிறது. 2015-ல் பரீட்சை எழுதித் தேர்வான நர்சுகளுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியமாக இருந்தது. நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

புதிய ஏணி

புதுப் படிப்புகள் பிறந்தது அமெரிக்காவில், 1965-ல். டாக்டர் பஞ்சத்தைச் சமாளிக்க வந்தவை. இன்று அங்கே இவர்கள் மருந்துச் சீட்டும் எழுதுகிறார்கள்.

இந்தியாவில் பிசிசியன் அசிஸ்டெண்ட் படிப்பு 1992-ல் சென்னையில், இருதய ஆபரேஷனுக்குப் பேர் போன ஆஸ்பத்திரி ஒன்றில் தொடங்கியது. இப்போது 4 வருடப் படிப்பு. கடைசி வருடம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. நர்சு பிராக்டிசனர் என்பது பி.எஸ்சி. நர்சுகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்காகப் படிக்கும் 2 வருட மேல்படிப்பு.

2021-ல் வந்த மத்திய சட்டத்தில் பிசிசியன் அசிஸ்டெண்ட் பேரும் ஏறிவிட்டது. ஆனால் சட்டம் பேரைத்தான் சேர்க்கும். வேலையை உண்டாக்க அரசாணை வேண்டும். இல்லாவிட்டால் தனியார் முதலாளி மனசு வைக்க வேண்டும்.

துணை சுகாதார நிலையங்களில் 'இடைநிலை சுகாதாரப் பணியாளர்' வேலை நர்சுகளுக்குக் கிடைக்கிறது. அதுவும் ஒப்பந்த வேலைதான்.

போர்டு மாட்டினால் கம்பி!

"டாக்டருக்கு அடுத்த படிப்பு" என்றதும் சிலர் தனியாக கிளினிக் கனவு காண்கிறார்கள். ஆபத்து! 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி, பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் ஓராண்டு வரை ஜெயில், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதே சட்டத்தின் 32-வது பிரிவு, டாக்டர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்கு ஆரம்ப சிகிச்சையில் மட்டும் மருந்து எழுத வரம்புக்குட்பட்ட அனுமதி தர வழி வைத்தது. "இது போலி டாக்டர்களுக்குக் கதவு திறப்பது" என்று டாக்டர்கள் கொதித்தார்கள். 2019 ஜூலை 31-ந் தேதி ஸ்டிரைக்கும் செய்தார்கள்.

டாக்டர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் ராத்திரி நேரத்தில் டாக்டர் இல்லாத கிராமத்தில் ஊசி போடுவது யார்? பயிற்சி பெற்ற நர்சுக்கு அதிகாரமும் படியும் தராவிட்டால் அவர் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுவார். கிராமத்தில் மிஞ்சுவது போலிதான்.

கேட்க வேண்டியது

பெற்றோர் கல்லூரி வாசலில் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி.

ஒன்று: நர்சு படிப்பு என்றால் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம், பிசிசியன் அசிஸ்டெண்ட் என்றால் மருத்துவப் பல்கலைக்கழக அனுமதி இருக்கிறதா?

ரெண்டு: பாஸ் செய்தவர்களுக்கு எந்த ஆஸ்பத்திரியில், என்ன பதவிப் பேரில், என்ன சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது? நிரந்தரமா, ஒப்பந்தமா?

மூன்று: 10 வருடம் கழித்து அடுத்த படி எது?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் அடகுக்கடைக்குப் போகலாம்.