படம் முடிந்ததும் பேசுங்கள்!

"சினிமா குடியைக் கெடுக்கும்" என்கிறார்கள் சிலர். "சினிமா இல்லாவிட்டால் பொழுது போகாது" என்கிறார்கள் வேறு சிலர். பார்த்த படத்தைப் பற்றிக் கூடி உட்கார்ந்து பேச வேண்டும் என்று இரண்டு கட்சியாரும் சொல்லுவதில்லை.

டீக்கடையில் சினிமாப் பேச்சுக்குப் பஞ்சமா என்று கேட்கலாம். பஞ்சம் இல்லைதான்! ஆனால் அங்கே நடப்பது நடிகர் பேச்சு, வசூல் பேச்சு. அதுவும் ஆண்கள் பேச்சு. "அந்தப் படத்தில் தகப்பன் செய்தது சரியா?" என்று வீட்டில் இருக்கும் தாயாரை யார் கேட்கிறார்கள்?

இப்படிக் கேட்டுப் பேசுவதற்காக ஏற்பட்டவைதான் திரைப்படச் சங்கங்கள். பிலிம் சொசைட்டி என்று சொல்லுவார்கள். தியேட்டருக்கு வராத நல்ல படங்களைத் தேடிப் பிடித்துக் காட்டுவார்கள். பிறகு பேசுவார்கள். லண்டன் நகரில் 1925-ம் ஆண்டிலேயே இப்படி ஒரு சங்கம் தோன்றி விட்டது.

1947-ம் ஆண்டில் கல்கத்தாவில் நண்பர்கள் சிலர் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவர், விளம்பரக் கம்பெனியில் சித்திரம் வரைந்து கொண்டிருந்தவர். பெயர் சத்யஜித் ரே. படம் பார்த்தார்கள், பேசினார்கள். சண்டையும் போட்டிருப்பார்கள்! எட்டு ஆண்டுகள் சென்றன. 1955-ல் அந்தச் சித்திரக்காரர் எடுத்த "பதேர் பாஞ்சாலி" வெளிவந்தது. அதன் புகழ் உலகம் எங்கும் பரவியது.

1959-ல் பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஒரு சம்மேளனம் அமைத்தன. தலைவர் ரே. துணைத் தலைவர்களில் ஒருவர் அம்மு சுவாமிநாதன். 1952-ல் திண்டுக்கல் தொகுதியில் வென்று பார்லிமெண்டுக்குப் போனவர். காப்டன் லட்சுமியின் தாயார். ஆகவே, பெண்களுக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் கேட்க வேண்டாம்!

"இதெல்லாம் படித்தவர்கள் காரியம்" என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு படத்தின் கதையைச் சொல்லுகிறோம்.

இத்தாலியில் 1948-ல் வந்த படம், "சைக்கிள் திருடர்கள்". ரோமாபுரியில் ஓர் ஏழை. சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகுக் கடையில்! மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அதை மீட்டுத் தருகிறாள். முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகிறது. சிறுவனான மகனைக் கூட்டிக் கொண்டு ஊரெல்லாம் தேடுகிறான். கிடைக்கவில்லை. கடைசியில் அவனே ஒரு சைக்கிளைத் திருடுகிறான். பிடிபடுகிறான். அழுகிற பையனைப் பார்த்து, சைக்கிளுக்கு உரியவர் விட்டு விடுகிறார்.

ஏழையாக நடித்தவர், உண்மையிலேயே ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி.

அவன் திருடியது சரியா? உரியவர் அவனை விட்டது சரியா? மகன் இனி அப்பாவை மதிப்பானா? இதற்குப் பதில் சொல்லப் பட்டம் வேண்டுமா? அடகுக் கடைக்குப் போய் வந்த ஒரு தாயார் சொல்லும் பதிலை எந்தப் பேராசிரியரும் சொல்ல முடியாது. அந்தப் பதிலைப் பத்துப் பேர் கேட்க வேண்டாமா?

இன்று வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு செல்போன். ஒவ்வொருவரும் ஒரு மூலையில் தனித்தனிப் படம் பார்க்கிறார்கள். படத்துக்குக் குறைவில்லை. பக்கத்தில் உட்கார ஆள்தான் இல்லை!

உங்கள் தெருவில் இருபது பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் ஆயிற்று. பள்ளிக்கூடத்தையோ நூலகத்தையோ மாலையில் கேட்டுப் பாருங்கள். படத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்கி விடுங்கள். திருட்டுப் பிரதியைப் போட்டுக் காட்டித் திருட்டைப் பற்றி விவாதிப்பது அழகல்ல! வேற்றுமொழிப் படமானால், கதையை முன்கூட்டியே தமிழில் சொல்லி விடுங்கள். படத்தின் அடியில் தமிழ் எழுத்து ஓடினால், ஒருவர் உரக்கப் படிக்கட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் பின்தங்கி விடக் கூடாது அல்லவா?

விவாதத்தில் மட்டும் ஒரு கண்டிப்பு வேண்டும். அதிகம் படித்தவர் கடைசியில் பேசட்டும். முதலில் பாட்டி, பிறகு பிள்ளைகள். விளக்கை அணைக்க அவசரப்படாதீர்கள். பாட்டி முடிக்க நேரமாகும்!