லிங்கன் உத்தரவும் கரிசல் பருத்தியும்



1861 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன், பிரிந்துபோன தென் மாநிலங்களின் துறைமுகங்களை முற்றுகையிட உத்தரவிட்டார். அடிமைமுறைக்கு முடிவு கட்டிய போர் என்றுதான் அந்த அமெரிக்க உள்நாட்டுப் போரை நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தப் போர் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளையும் உலுக்கிப் பார்த்தது என்று சொன்னால் பலருக்கும் வியப்பாக இருக்கிறது.

இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு அதுவரை போய்க்கொண்டிருந்த பஞ்சில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்க அடிமைகள் விளைவித்தது. முற்றுகையால் அது வராமல் போனதும் லிவர்பூல் வியாபாரிகளின் கண் பம்பாய்மீதும் தூத்துக்குடிமீதும் விழுந்தது. நம் கரிசலில் விளைந்தவை கருங்கண்ணியும் உப்பமும். இழை குட்டைதான், அமெரிக்கப் பஞ்சுக்கு ஈடில்லை என்று ஆலைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் பசித்த ஆலைக்கு ருசி பார்க்க நேரமில்லை. 1864 வாக்கில் லிவர்பூலில் பஞ்சு விலை போருக்கு முந்தைய விலையைப்போல மூன்று மடங்கைத் தாண்டியது. மாட்டுவண்டிகள் வரிசைகட்டித் தூத்துக்குடிக்குப் போயின. அங்கே அப்போது கரையோரம் ஆழம் போதாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும், தோணிகளில்தான் பொதிகளைக் கொண்டுபோய் ஏற்றவேண்டும்.

இதற்கு இருபது ஆண்டுகள் முன்பே ஒரு முன்கதை உண்டு. அமெரிக்கப் பஞ்சையே நம்பியிருப்பது ஆபத்து என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அப்போதே உறைத்திருந்தது. 1840-ல் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து பருத்தித் தோட்டக்காரர்கள் பத்துப் பேரைச் சம்பளம் பேசி இந்தியாவுக்கு அழைத்துவந்தார்கள். சென்னை மாகாணத்தில் கோயம்புத்தூரிலும் நம் திருநெல்வேலிச் சீமையிலும் சோதனைகள் நடந்தன. ஃபின்னி என்ற அமெரிக்கர் இங்கே இருந்து வேலை பார்த்தார். அடிமைகளை வைத்து விவசாயம் செய்த நாட்டிலிருந்து வந்தவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கரிசலை உழுத சம்சாரிக்குப் பாடம் சொல்ல வந்ததை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. மானாவாரி மண் அவர்கள் சொன்னபடி கேட்கவில்லை. அமெரிக்க விதை நம் கரிசலில் அப்போது காலூன்றவே இல்லை.

1865-ல் போர் முடிந்தது. விலை சரிந்தது. ஏறிய விலையில் சம்சாரியின் கைக்கு வந்தது எவ்வளவு என்பதே தனிக் கணக்கு. முன்பணம் கொடுத்தவர், தரகர், பொதி கட்டியவர், கப்பல் ஏற்றியவர் என்று இடையில் எத்தனையோ கைகள். சரிவு மட்டும் யார் கையிலும் தங்காமல் நேரே அவரிடம் வந்து சேர்ந்தது. பத்தாண்டு கழித்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது தூத்துக்குடிக்கு ரயிலும் வந்துவிட்டிருந்தது. பருத்தியை ஏற்றிப் போக வழி பிறந்தது, பசிக்குத்தான் வழியில்லை.

பஞ்சை ஏற்றுமதி செய்யும் ஊரிலேயே நூற்றால் என்ன என்று யோசித்தவர்கள் ஹார்வி சகோதரர்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள். அமெரிக்கப் போருக்கும் அவர்களுக்கும் நேர்கோடு போட முடியாதுதான். ஆனால் உலகச் சந்தையில் நம் பருத்திக்கு ஒரு பெயர் உண்டு என்பதை அந்த நான்கு ஆண்டுகள் ஊரறியச் செய்திருந்தன. 1885-ல் பாபநாசத்தில், மலையிறங்கும் தாமிரபரணியின் விசையைக்கொண்டே ஓடும் ஆலை எழுந்தது. விக்கிரமசிங்கபுரம் அதைச் சுற்றி வளர்ந்தது. பின்பு தூத்துக்குடியில் கோரல் மில்.

அந்தக் கோரல் மில்லில்தான் 1908 பிப்ரவரி 27-ல் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கேட்டு, பத்து நாளுக்குள் நிர்வாகத்தை இறங்கிவரச் செய்தார்கள். மார்ச் 12-ல் தலைவர்கள் கைதானதும் மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். மில் தொழிலாளர்கள் மறுபடி வேலையை விட்டு வெளியே வந்தார்கள், இம்முறை கூலிக்காக அல்ல. திலகருக்காகப் பம்பாய் ஆலைகள் நின்றது அந்த ஜூலையில்தான். நாம் நாலு மாதம் முந்தி. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூல் இதை விரிவாகச் சொல்கிறது. 2024-க்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தபோது இங்கே பலருக்கும் நம் வீட்டு விசேஷம் போலிருந்தது.

அமெரிக்கக் கையெழுத்து நம் பருத்தியைத் தொடுவது அந்தக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கான அமெரிக்க வரி 50 சதவீதமானது. திருப்பூர் பதறியது. அதே மாதம், ஆலைகளுக்கு ஆறுதலாக, பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை இந்திய அரசு தற்காலிகமாக நீக்கியது. வெளிநாட்டுப் பஞ்சு மலிவாக இறங்கினால் எங்கள் பருத்திக்கு யார் விலை கொடுப்பார்கள் என்று விவசாய அமைப்புகள் கேட்டன. நியாயமான கேள்வி. வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட, இங்கே ஒருவர் கமிஷன் கடையில் நின்று விலை கேட்கிறார். 1861-ல் விலையை ஏற்றிய கையெழுத்து, இம்முறை இறக்கப் பார்த்தது.

பருத்தி விலையைப் பற்றி அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் பேசியது ஆவணங்களில் இருக்கிறது. சம்சாரியும் மில் தொழிலாளியும் பேசியது வீடுகளில்தான் இருக்கிறது. அதனால் ஒரு வேண்டுகோள். தாத்தா காலத்துப் பருத்திக் கணக்கு நோட்டு, கமிஷன் கடைச் சீட்டு, மில் சம்பளத் துண்டு, சங்குச் சத்தத்துக்கு எழுந்து வேலைக்குப் போன ஆச்சியின் நினைவு, எது இருந்தாலும் எழுதி அனுப்புங்கள். மூலத்தை அனுப்ப வேண்டாம், படம் எடுத்து அனுப்பினால் போதும். வருகிறவற்றுக்கு அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்