அளந்த பிறகே அவிழ்க்க வேண்டும்

மேம்பாலத்தில் ஏறும்போது டாக்சி இழுக்கவில்லை. கியரை மாற்றினாலும் திணறுகிறது. காலையில் செல்ப் அடித்தால் நான்கைந்து முறை முனகிய பிறகே கிளம்புகிறது. ஓட்டுநர் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகிறார். மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, காதைச் சாய்த்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்: "அண்ணாச்சி, கம்ப்ரஷன் போச்சு. இன்ஜினை இறக்கிப் போர் வேலை செய்ய வேண்டியதுதான்."

அந்த ஒரு வார்த்தையில் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு கரைந்துவிடுகிறது. இன்ஜின் கீழே இறங்கினால் வண்டி பல நாள் நிற்கும். வண்டி நின்றால் வருமானம் நிற்கும். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும், சீட்டுப் பணமும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் தவணை தவறும். கடைசியில் வட்டிக்காரரிடம் போய் நிற்க வேண்டிய நிலை ஏற்படும். நோயாளிக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று அளக்காமலே அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் மருத்துவரை எவரும் ஏற்பதில்லை. இன்ஜின் விஷயத்தில் மட்டும் அதை ஏற்றுக்கொள்வது ஏன்?

மும்பை மோட்டார்த் தொழிலுக்குப் புதிய ஊர் அல்ல. வால்சந்த் ஹிராசந்த் 1944-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், குர்லா தொழிற்சாலையில் பியட் கார்களையும் பின்னர் பிரீமியர் பத்மினி கார்களையும் தயாரித்தது. அந்த 1,089 சி.சி. பெட்ரோல் இன்ஜின்தான் பல பத்தாண்டுகள் இந்நகரின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளை இழுத்தது. 20 ஆண்டு வயது வரம்பின்படி கடைசிப் பத்மினி டாக்சியும் 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றது. இன்று ஓடும் டாக்சிகள் பெரும்பாலும் எரிவாயுவில் ஓடுகின்றன. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. அன்றும் இன்றும் பிஸ்டன் மேலேறிக் கலவையை இறுக்க வேண்டும். பிளக் தீப்பொறி தர வேண்டும். இறுக்கம் குறைந்தால் வலுவும் குறையும், எரிபொருளும் வீணாகும்.

அந்த இறுக்கத்தை அளக்க ஒரு கம்ப்ரஷன் கேஜ் போதும். ஒரு போர் வேலைக்கு ஆகும் செலவைப் பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. நான்கு சிலிண்டர் இன்ஜினைச் சோதிக்க அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம் ஆகும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவாக ஐந்தாறு அழுத்தம் வரும்வரை செல்ப் அடித்து, முள் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அந்தந்த வண்டியின் கையேடு சொல்லும். மிகக் குறைந்த எண், மிக உயர்ந்த எண்ணின் முக்கால் பங்குக்குக் கீழே போகக்கூடாது என்பது பொதுவான விதி.

எண்கள் பேசத் தொடங்கினால் ஊகத்துக்கு இடமில்லை. மூன்று சிலிண்டர்கள் 150 பவுண்டு அளவில் நிற்க, ஒன்று மட்டும் 90 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு சிறு கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மீண்டும் அளந்தால், எண் நன்றாக ஏறுமானால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஏறாவிட்டால் வால்வுப் பக்கம் சந்தேகம் போகிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் விழுந்திருந்தால் இடையே ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஹெட்டை மட்டும் கழற்றினால் தீரும் வேலைக்கு முழு இன்ஜினையும் இறக்கியவர்கள் எத்தனை பேர்! நான்கும் ஒரே மாதிரி குறைந்திருந்தால், பேட்டரி பலவீனமா, ஆக்சிலேட்டர் முழுதும் திறந்ததா, டைமிங் தவறியதா என்று முதலில் பார்க்க வேண்டும். அரைகுறையாக அளப்பதும் அளக்காமல் விடுவதும் ஒன்றே.

"முப்பது வருஷ அனுபவம். பிளக் ஓட்டையில் பெருவிரலை வைத்தாலே தெரிந்துவிடும்" என்பார்கள் மூத்த மெக்கானிக்குகள். அவர்கள் அனுபவம் மதிப்புக்குரியதுதான். காற்று வருகிறதா இல்லையா என்பதை விரல் சொல்லும். 150-க்கும் 115-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்த விரலும் சொல்லாது. மேலும், விரலின் தீர்ப்பை வண்டிக்காரர் சரிபார்க்க முடியாது. முள்ளின் தீர்ப்பை அவர் தம் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பிளக் ஓட்டையின் மேல் குனிந்து நிற்பவர் பெரும்பாலும் உஸ்தாத் அல்ல. ஊரிலிருந்து வேலை தேடி வந்து பட்டறையில் சேர்ந்த இளைஞன்தான். கழற்றிய ஓட்டைகள் வழியே எரிபொருள் ஆவி பீறிட்டு வரும். பக்கத்திலேயே தொங்கவிட்ட பிளக் ஒயரில் தீப்பொறி பாயும். இரண்டும் சந்தித்தால் எரிவது அவன் முகம். எனவே சோதனைக்கு முன் இக்னிஷனைத் துண்டிப்பதும், எரிபொருள் வரத்தை நிறுத்துவதும் கட்டாயம். பழைய வண்டியானால் டிஸ்ட்ரிபியூட்டரின் நடு ஒயரைக் கழற்றி இன்ஜின் உடலோடு இணைக்க வேண்டும். புதிய வண்டியானால் கையேட்டின்படி காயில் இணைப்பையும் எரிபொருள் பம்பின் பியூசையும் எடுக்க வேண்டும். எரிவாயு வண்டியானால் டிக்கியிலுள்ள எரிவாயு உருளையின் வால்வையும் மூட வேண்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள்தான். ஆனால் உயிர் காப்பவை. கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். கைத்துண்டும் தளர்ந்த சட்டையும் மணிக்கட்டுக் கயிறும் விசிறி பெல்ட்டுக்கு அருகே வரக்கூடாது. இன்ஜினைச் சூடாக்குவது திறந்த வெளியில் நடக்க வேண்டும். தாராவியின் ஒடுங்கிய சந்துகளில் ஷட்டரை இறக்கிக்கொண்டு இன்ஜினை ஓட விடுவது, மணமும் நிறமும் இல்லாத நச்சுப் புகையை வலிய அழைப்பதாகும். பிளக்கைக் கொதிக்கக் கொதிக்கக் கழற்றக் கூடாது. கையும் வேகும், மரையும் போகும். பீடியும் ஊதுவத்தியும் தூரத்தில் இருக்கட்டும். மணல் வாளியும் தீயணைப்புக் குப்பியும் பக்கத்தில் இருக்கட்டும். பெட்ரோல் இன்ஜினுக்குரிய கேஜை டீசல் இன்ஜினில் மாட்டக்கூடாது. அங்கே அழுத்தம் இரண்டு மூன்று மடங்கு அதிகம். கேஜ் வெடித்துச் சிதறலாம்.

இவற்றை அந்த இளைஞனுக்குச் சொல்லிக் கொடுப்பது யார்? தொழிற்பழகுநர் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. நாட்டின் பழம்பெரும் தொழில்நுட்பக் கல்லூரிகளில் ஒன்றான வி.ஜே.டி.ஐ., 1887-இல் தோன்றி, இன்று மாட்டுங்காவிலேயே நிற்கிறது. அதற்குக் கூப்பிடு தூரத்திலுள்ள பட்டறைகளில் ஏச்சும் பேச்சும் வாங்கியே தொழில் கற்க வேண்டிய நிலை இன்னும் நீடிப்பது வருந்தத்தக்கது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமும் விழாவும் நடத்தும் தமிழ் அமைப்புகள், ஆண்டுக்கு இரண்டு நாள் ஒதுக்கி, ஓய்வு பெற்ற தொழில்நுட்பர்களை அழைத்து இந்தப் பாதுகாப்பு முறைகளைத் தமிழில் சொல்லித் தரலாம். மாலை மரியாதைக்கு ஆகும் செலவில் பாதி போதும்.

டாக்சிக்காரருக்கும் கடமை உண்டு. "இன்ஜினை இறக்கு" என்று சொல்லும் முன் "அளந்து காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். நான்கு எண்களையும் தேதியோடு எழுதி வாங்கி வைத்தால், அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேலை முடிந்ததும் மீண்டும் அளக்கச் சொல்லி, பில்லும் வாங்க வேண்டும். செம்பூரிலிருந்து அலுவலகம் போகும் குமாஸ்தா பழைய கார் வாங்கப் போனாலும் இதே கேள்வியைக் கேட்கலாம். புதிதாக அடித்த பெயிண்ட் பலவற்றை மறைக்கும். கேஜ் முள் எதையும் மறைக்காது. அளந்து காட்ட மறுப்பவரிடம் வண்டி வாங்காமல் திரும்புவதே நல்லது.

தராசில் நிறுக்காமல் அரிசி வாங்காத தமிழன், அளக்காமல் இன்ஜினைப் பிரிக்க மட்டும் சம்மதிக்கலாகாது. அளப்பவனின் கண்ணும் கையும் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்கவும் தவறலாகாது. போர் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஊரில் ஒரு தாய் காத்திருக்கும் பிள்ளையின் கண்ணுக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடையாது.