பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டிய துப்பாக்கி

தமிழ் மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் துப்பாக்கியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். மொழி, பண்பாடு, தமிழ்ப்பள்ளி, வேலை வாய்ப்பு என்று எழுதுவதற்கு எத்தனையோ இருக்க, இது தேவைதானா என்றும் கேட்டார்கள். தேவைதான் என்பது என் கருத்து. நம்மில் பலர் தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்கள். நம் தாத்தாவோ மாமாவோ பெரியப்பாவோ காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனவராக இருப்பார். உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்று நம் உறவினர் வீட்டு அலமாரியில் இன்றும் இருக்கக்கூடும். ஆனால், அதைப் பற்றி அண்டை வீட்டாரிடம் பேசலாமா, கூடாதா என்று நாம் யோசித்ததே இல்லை. பேசத்தான் வேண்டும் என்று வாதிட வந்திருக்கிறேன். எதைப் பேச வேண்டும், எதைப் பேசக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

லயத்துக் காலமும் தாமான் காலமும்

சிரம்பானை அடுத்த ரஹாங்கில், என் மாமா வீட்டில் தங்கித்தான் நான் இடைநிலைப்பள்ளியில் படித்தேன். மாமா தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். சேமித்த பணத்தில் ரந்தாவ் பக்கம் சிறிது நிலம் வாங்கிச் செம்பனை நட்டார். செம்பனைக் கன்றுக்குக் காட்டுப்பன்றியைவிடப் பெரிய எதிரி இல்லை. இரவில் கூட்டமாக வந்து அடியைத் தோண்டிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். காலையில் போய்ப் பார்த்தால் வரிசையாகப் பத்து இருபது கன்றுகள் சாய்ந்து கிடக்கும். அந்த நட்டத்தைப் பார்த்துத்தான் மாமா முறைப்படி விண்ணப்பித்து, ஒற்றைக் குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்றுக்கு உரிமம் வாங்கினார். பயிர்க்காவலாகத் தொடங்கியது, உண்மையைச் சொன்னால், போகப் போகப் பொழுதுபோக்காகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே நான்கு நண்பர்களோடு புறப்பட்டுவிடுவார்.

தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் இதில் ஒளிவுமறைவே கிடையாது. யாரிடம் துப்பாக்கி இருக்கிறது, எந்தத் திசையில் சுடப் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பது லயம் முழுவதற்கும் தெரியும். வெடிச் சத்தம் கேட்டால் யாரும் பதற மாட்டார்கள். இறைச்சியும் வீட்டுக்கு வீடு பங்காகும். பேச வேண்டுமா கூடாதா என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

தாமானுக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. ஒரே சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால், சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. மாமா வீட்டுக்கு வலப்பக்கம் ஒரு மலாய்க் குடும்பம், இடப்பக்கம் ஒரு சீனக் குடும்பம். மாமா இருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. "லைசென்ஸ் கொடுத்தது போலீஸ். போலீசுக்குத் தெரிஞ்சா போதும்டா" என்பார்.

அந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு

மாமாவின் மௌனத்தை வெறும் பிடிவாதம் என்று நான் நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, அது பாட்டியிடமிருந்து வந்த பழக்கம் என்று. வீட்டில் யாராவது துப்பாக்கி என்ற சொல்லைச் சத்தமாகச் சொன்னாலே பாட்டி வாசற்கதவைச் சாத்துவார்.

1948 ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டங்களில் முள்கம்பி வேலி எழும்பியது. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் வந்தன. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, 1949 மே 4 ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் மீது சாட்டப்பட்ட குற்றம் கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பதுதான். தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகக் குரல் கொடுத்த ஒரு தமிழர் துப்பாக்கியின் பெயரால் தூக்கு மேடை ஏறினார் என்ற செய்தி, தோட்டத்து மக்கள் மனத்தில் எத்தகைய அச்சத்தை விதைத்திருக்கும்! இவ்வளவுக்கும், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் இதே ரப்பர்த் தோட்டங்களிலிருந்து நம் இளைஞர்களும் பெண்களும் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தியிருந்தார்கள். 1943 இல் பெருமையாக இருந்த ஒன்று 1949 இல் உயிருக்கு உலை வைப்பதாக மாறிவிட்டது. பேசாமல் இருப்பதே பாதுகாப்பு என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது.

அவசரகாலம் 1960 ஜூலை 31 இல் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டத்தின் கீழ்தான் இன்றும் துப்பாக்கி உரிமம் வழங்கப்படுகிறது. 1971 ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டுகள் வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கும். போதாததற்கு, காட்டுப்பன்றியைச் சுட 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையும் மதிக்க வேண்டும். இவ்வளவு கடுமையான சட்டங்கள் உள்ள நாட்டில் முறையான உரிமம் பெற்றவர் ஒளிந்து வாழ வேண்டிய தேவை என்ன? பாட்டியின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் மறைந்த பின்பும் பழக்கம் மட்டும் மறையவில்லை.

சொல்லாததால் வந்த வினை

வலப்பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாலையில் எங்களோடு பந்து விளையாடுவார்கள். திடீரென்று ஒருநாள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய தாயார் அத்தையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாதக்கணக்கில் காரணம் தெரியவில்லை. நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்கு வீடு பலகாரம் போனபோது எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அப்போதுதான் அத்தை துணிந்து கேட்டார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு நான்கு ஆண்கள் நீளமான பையோடு காரில் ஏறுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இந்தியர் வீடு, நான்கு ஆண்கள், துப்பாக்கி போன்ற ஒரு பை. அவர்கள் மனத்தில் எழுந்த முடிவை நான் விளக்கத் தேவையில்லை. குண்டர் கும்பல் என்றாலே நம்மவர் முகத்தை நினைக்கும் அளவுக்கு நம் சமுதாயத்தின் பெயர் கெட்டிருக்கிறது. அது நியாயமா என்பது வேறு கேள்வி. நாம் சொல்லாமல் விட்ட இடத்தை அடுத்தவரின் கற்பனை நிரப்பிக்கொள்கிறது என்பதுதான் இங்கு நான் கண்ட உண்மை.

அன்று மாலை மாமா உரிமத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். பாக்சிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டே கேள்விகள் கேட்டார். "அண்ணே, எங்கே பூட்டி வைக்கிறீர்கள்? பிள்ளைகள் கைக்கு எட்டுமா?" அந்த இரண்டு கேள்விகளையும் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டில் இதையே ஓர் இயக்கமாகத் தொடங்கினார்கள். பிள்ளையை விளையாட அனுப்பும் வீட்டில் பூட்டப்படாத துப்பாக்கி இருக்கிறதா என்று பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும் என்பதே அதன் சாரம். குழந்தை மருத்துவர்களின் சங்கமும் அதற்குத் துணை நின்றது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி உள்ள நாட்டிலேயே கேட்பதற்குக் கூச்சம் இருக்கிறது என்றால், துப்பாக்கியே அரிதான நம் நாட்டில் அண்டை வீட்டார் எப்படிக் கேட்பார்கள்? ஆகவே, முதலில் வாய் திறக்க வேண்டியவர் வைத்திருப்பவர்தான்.

அதிகம் சொன்னதால் வந்த வினை

பேச வேண்டும் என்றால் ஊரெல்லாம் முழங்க வேண்டும் என்று பொருளல்ல. பாக்சிக்கோடு சமாதானம் ஆன பிறகு மாமாவுக்குத் தயக்கம் போய்விட்டது. கோப்பிக் கடையில் வேட்டைக் கதைகளை அளக்கத் தொடங்கினார். என்ன துப்பாக்கி, என்ன விலை, எந்த அறையில் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் பக்கத்து மேசைக்காரர்களுக்கும் தெரிந்துபோனது.

அதே ஆண்டில் ஈப்போவில் ஒரு திருமணம். புறப்படுமுன் மாமா துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது பின்கதவு உடைக்கப்பட்டிருந்தது. தொலைக்காட்சிப் பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. சாமி மேடையில் இருந்த வெள்ளி விளக்கைக்கூடத் தொடவில்லை. படுக்கையறை அலமாரி மட்டும் பிளந்து கிடந்தது. வந்தவர்கள் எதைத் தேடி வந்தார்கள் என்பது எல்லாருக்கும் புரிந்தது. அன்று அந்தத் துப்பாக்கி அலமாரியில் இருந்திருந்தால், பின்னர் அது எந்தக் குற்றத்தில் வெடித்திருக்குமோ! நினைக்கவே நடுக்கம் வருகிறது.

அண்டை வீட்டாருக்கு அறிவிப்பது வேறு, கடைத்தெருவில் அளப்பது வேறு. முன்னது பொறுப்பு, பின்னது பெருமை. துப்பாக்கி இருக்கிறது, உரிமம் இருக்கிறது, பூட்டில் இருக்கிறது என்ற மூன்றும் சுவரைப் பகிர்ந்துகொள்பவருக்குத் தெரிந்தால் போதும். சாவி இருக்கும் இடமும், வீடு பூட்டிக் கிடக்கும் நாளும், வேட்டைப் பெருமையும் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

பன்றி என்ற சொல்

நம் நாட்டில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வேட்டையாடப்படுவது பன்றி. பக்கத்து வீட்டார் இசுலாமியர். வேட்டையாடிய விலங்கைத் தாமான் வீட்டின் பின்புறம் கொண்டுவந்து தோலுரிப்பது, எந்தச் சட்டத்தையும் மீறாவிட்டாலும், அண்டை வீட்டாரின் மனத்தை மீறிவிடும். பொதுச் சாக்கடையில் கழுவிய நீர் அவர்கள் வாசலைத்தான் கடந்து போகிறது. மாமா இதைப் பாக்சிக்கிடம் வெளிப்படையாகவே பேசினார். எல்லா வேலையையும் நிலத்திலேயே முடித்துவிடுவதாக வாக்களித்தார். பாக்சிக்கும் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு வாக்குறுதியில் முடிந்த இந்த விஷயம், பேசாமல் விட்டிருந்தால் இனப் பிரச்சினையாக வளர்ந்திருக்கும்.

நோய் அச்சமும் உண்டு. நெகிரி செம்பிலான்காரர்களுக்கு அது ஏட்டில் படித்த செய்தி அன்று. 1998, 1999 ஆம் ஆண்டுகளில் சிக்காமாட்டிலும் புக்கிட் பெலாண்டோக்கிலும் நிப்பா கிருமி பரவியது. நாட்டில் 105 பேர் மாண்டார்கள். தொடக்கத்தில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டது. பன்றிகளிடமிருந்துதான் பரவுகிறது என்பது பின்னரே உறுதியானது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. இராணுவ வீரர்கள் பண்ணைகளில் இறங்கிச் சுட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் நம் மாநிலத்தில் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில், வேட்டைக்குப் போய் வந்தவர் அண்டை வீட்டாரின் கவலையை எள்ளி நகையாடக் கூடாது. உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் இரவு

இவ்வளவும் சொன்ன பிறகும், உரிமம் என்பது தனிமனித விஷயம், அண்டை வீட்டாருக்கு அதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு மாமா பக்கவாதத்தால் கீழே விழுந்தார். அத்தை அலறிய சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவர் பாக்சிக்தான். தம் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். மறுநாள் அத்தைக்குத் துப்பாக்கியின் நினைவு வந்தது. உரிமம் மாமா பெயரில் இருக்கிறது. நாங்கள் யாரும் அதைத் தொடக்கூடாது. வீட்டிலோ ஆளில்லை. அத்தை செய்வதறியாது நின்றபோது, பாக்சிக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னார். அதிகாரிகள் வந்து, முறைப்படி எழுதிக்கொண்டு, துப்பாக்கியையும் தோட்டாக்களையும் எடுத்துச் சென்றார்கள். அவர்கள் வரும்வரை பாக்சிக் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால், அந்த வீட்டு வாசலில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

நண்பர்களே, விடுமுறைக்கு வீடு திரும்பும்போது உங்கள் குடும்பத்தில் உரிமம் உள்ளவர் யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள். துப்பாக்கி பூட்டில் இருக்கிறதா? தோட்டாக்கள் தனியே இருக்கின்றனவா? அவருக்கு ஒன்று நேர்ந்தால் யாரை அழைக்க வேண்டும் என்பது வீட்டாருக்குத் தெரியுமா? பக்கத்து வீட்டாருக்குச் சொல்லியாயிற்றா? கேட்பது மரியாதைக் குறைவாகாது. படித்த பிள்ளை கேட்கிறான் என்று பெரியவர்கள் பெருமைதான் படுவார்கள்.

மாமா தேறிவிட்டார். ஆனால், இடக்கை முன்போல் இல்லை. துப்பாக்கியைத் திரும்பப் பெறவில்லை. கன்றுகளைப் பன்றி தின்பது நிற்கவில்லை என்பதால், என்னை உரிமத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒருவேளை விண்ணப்பித்தால், உரிமம் கைக்கு வந்த அன்று மாலையே நான் போக வேண்டிய வீடு எது என்பதை மட்டும் முடிவு செய்துவிட்டேன்.