ஊசி இல்லாத ஊசி

பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். தோள்பட்டையில் வைத்து விசையை அழுத்தினால் 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், தடுப்பு மருந்து தோலுக்குள் போய்விடும். ஊசி கிடையாது, குத்துவது கிடையாது. வரிசையில் நிற்பவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றால் போதும். ஒரு மணி நேரத்தில் 600 முதல் 1,000 பேருக்குப் போட்டு முடித்துவிடலாம்.

இது ஏதோ எதிர்காலக் கதை இல்லை. 1960-களிலேயே கோடிக்கணக்கானவர்களுக்கு இப்படித்தான் அம்மைத் தடுப்பு மருந்து போட்டார்கள். பெயர் 'ஜெட் இன்ஜெக்டர்'. இவ்வளவு வசதியான கருவி கையில் இருந்தும், இன்றைக்கும் தடுப்பூசி முகாமில் குழந்தைகள் ஊசியைப் பார்த்து அலறுவது ஏன்? அந்தத் துப்பாக்கி எங்கே போனது?

சிரிஞ்சுக்குள் காற்று செய்யும் வேலை

முதலில் சாதாரண சிரிஞ்சைப் பார்த்துவிடலாம். தோலைத் துளைத்து மருந்து செலுத்தும் சிரிஞ்ச், 1853-ல் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் வுட், பிரான்சின் சார்லஸ் பிரவாஸ் என்ற இரண்டு டாக்டர்களால் தனித்தனியே நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை. ஒரு குழாய், அதற்குள் இறுக்கமாக நகரும் ஒரு தண்டு, முனையில் உள்ளீடற்ற ஊசி.

தண்டை இழுத்தால் மருந்து மேலே ஏறுகிறது. நாம் மருந்தை இழுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் மருந்தைத் தள்ளுவது காற்றுதான். தண்டு பின்னால் நகரும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. மருந்தின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றின் அழுத்தம் அதிகமாக இருப்பதால், அது மருந்தைக் குழாய்க்குள் தள்ளுகிறது.

ரப்பர் மூடி போட்ட குப்பியிலிருந்து மருந்து எடுப்பதற்கு முன்னால், நர்ஸ் சிரிஞ்சில் கொஞ்சம் காற்றை இழுத்து அதைக் குப்பிக்குள் செலுத்துவார். பலரும் கவனித்திருப்பார்கள். மூடிய குப்பியிலிருந்து மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டே போனால் உள்ளே அழுத்தம் குறைந்து, ஒரு கட்டத்தில் மருந்து வெளியே வர மறுக்கும். எடுக்கப்போகும் மருந்தின் அளவுக்கு முன்கூட்டியே காற்றைக் கொடுத்துவிட்டால் வேலை சுலபம்.

ஆக, சிரிஞ்சில் மருந்தை நகர்த்துவது அழுத்தம். ஊசியின் வேலை வழி போட்டுக் கொடுப்பது மட்டுமே. அழுத்தத்தை இன்னும் பல மடங்கு கூட்டிவிட்டால், வழியையும் மருந்தே போட்டுக்கொள்ளாதா?

பட்டறையில் கிடைத்த யோசனை

போட்டுக்கொள்ளும் என்பதற்கான ஆதாரம், துரதிருஷ்டவசமாக, இன்ஜின் பட்டறைகளிலிருந்து வந்தது. டீசல் இன்ஜின்களில் எரிபொருள் மிக அதிக அழுத்தத்தில், மிக நுண்ணிய துளை வழியாகப் பீய்ச்சப்படுகிறது. அந்தத் துளைக்கு எதிரே விரல் இருந்தால் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தெரிவது ஒரு சின்னப் புள்ளி. முதலில் வலிகூட அதிகம் இருக்காது. ஆனால், உள்ளே திசுக்கள் அழுகத் தொடங்கி விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். இன்றைக்கும் பட்டறைகளில் வேலை செய்பவர்கள் இந்தக் காயத்தைச் சாதாரணமாக நினைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எண்ணெய் போக முடிந்தால் மருந்தும் போகும். அமெரிக்கப் பொறியாளர் மார்ஷல் லாக்ஹார்ட் 1930-களில் இதற்கான கருவியை வடிவமைத்தார். 1940-களில் டாக்டர் ராபர்ட் ஹிங்சன் அதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். இவர் மயக்கவியல் நிபுணர். பிரசவ வலியைக் குறைக்க முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் தொடர்ந்து மருந்து செலுத்தும் முறையை 1942-ல் அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர். வலியைக் குறைப்பதிலேயே வாழ்க்கையைச் செலவிட்டவருக்கு, ஊசி இல்லாத ஊசி மீது ஆர்வம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

கருவியின் அமைப்பு சிக்கலானது இல்லை. அழுத்தப்பட்ட காற்று, கார்பன் டை ஆக்சைடு வாயு, இறுக்கிய ஸ்பிரிங் ஆகியவற்றில் ஒன்று ஒரு தண்டை வேகமாகத் தள்ளும். தண்டு மருந்தைத் தள்ளும். மருந்து முடி அளவே அகலமுள்ள துளை வழியாக வெளியே பாயும். கார் டயருக்குச் சுமார் 30 பாயிண்ட் காற்று அடிக்கிறோம். இந்தக் கருவிக்குள் அந்தக் கணக்கில் 2,000 பாயிண்டுக்கும் மேல் அழுத்தம் இருக்கும். வெளியே வரும் மருந்தின் வேகம் நொடிக்கு 100 மீட்டருக்கும் அதிகம், அதாவது மணிக்கு 360 கிலோமீட்டர். தோல் சுதாரிப்பதற்குள் மருந்து உள்ளே போய்ப் பரவிவிடும்.

பெடலை மிதித்தால் அம்மைத் தடுப்பு

ராணுவத்துக்கு இது மிகவும் பிடித்துப்போனது. புதிதாகச் சேரும் சிப்பாய்களை வரிசையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆள் நின்று இரண்டு தோளிலும் 'டப் டப்' என்று போட்டு அனுப்பினார்கள். கையை அசைத்தால் மட்டும் ஆபத்து. பாயும் மருந்து கத்திபோலத் தோலைக் கீறிவிடும்.

ஆனால், மின்சாரமே இல்லாத கிராமத்தில் என்ன செய்வது? அமெரிக்க ராணுவத்தில் வேலை செய்த ஆரோன் இஸ்மாக் இதற்கு வழி கண்டார். காலால் பெடலை மிதித்தால் ஸ்பிரிங் இறுகும். விசையை அழுத்தினால் மருந்து பாயும். பெரியம்மைத் தடுப்பு மருந்தைத் தோலின் மேல் அடுக்கிலேயே நிறுத்தும்படியான முனையையும் அவர் உருவாக்கினார். 'பெட்-ஓ-ஜெட்' என்று பெயர் பெற்ற இந்தக் கருவி ஜீப்பில் ஏறி ஊர் ஊராகப் போனது.

1967-ல் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் 20 நாடுகளில் பெரியம்மை ஒழிப்பு வேலை தொடங்கியது. 3 ஆண்டுகளில் 10 கோடிப் பேருக்குத் தடுப்பு மருந்து போய்ச் சேர்ந்தது. அதில் பெட்-ஓ-ஜெட்டின் பங்கு மிகப் பெரியது. பிரேசிலிலும் இதே கருவிதான் கைகொடுத்தது. அங்கே 1971-ல் பெரியம்மை முடிவுக்கு வந்தது.

இரண்டு பல் ஊசி ஜெயித்தது

இந்தியாவில் கதை வேறு. இங்கே பெரியம்மையைத் துரத்தியது, முனையில் இரண்டு பல் கொண்ட குட்டி முள்கரண்டி போன்ற ஓர் இரும்பு ஊசி. அமெரிக்காவின் பெஞ்சமின் ரூபின் 1960-களில் உருவாக்கியது. மருந்தில் தோய்த்தால் இரண்டு பற்களுக்கு நடுவே ஒரு துளி நிற்கும். தோலில் 15 முறை லேசாகக் குத்தினால் போதும். பழைய முறையில் 25 பேருக்குப் போதுமான மருந்தை இதில் 100 பேருக்குப் போடலாம். வேகவைத்துச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தலாம். கற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் போதும். பழுதாவதற்கு அதில் எதுவும் இல்லை.

ஜெட் துப்பாக்கி, கூட்டம் ஓரிடத்தில் கூடினால்தான் லாபம். அடிக்கடி பழுது பார்க்க வேண்டும், உதிரி பாகம் வேண்டும். இந்தியாவில் நோய் கண்ட வீட்டைத் தேடிப்போய், அந்த வீட்டையும் சுற்றியிருந்த வீடுகளையும் வளைத்துத் தடுப்பு மருந்து போடும் வேலை நடந்தது. அதற்குப் பைக்குள் அடங்கும் ஊசியே தோது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980 மே 8 அன்று உலகமே விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை அறிவித்தது.

துடைத்தும் போகாத கிருமி

பெரியம்மை போனாலும் ஜெட் துப்பாக்கி போகவில்லை. ராணுவ முகாம்களிலும் சில கிளினிக்குகளிலும் அது வேலை செய்துகொண்டிருந்தது. 1984, 1985 ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், உடல் எடை குறைப்பதற்காக ஒரு கிளினிக்குக்குப் போய்வந்த பலருக்கு ஹெபடைட்டிஸ் பி மஞ்சள் காமாலை வந்தது. ஒருவருக்கொருவர் உறவில்லை, பழக்கமில்லை. விசாரித்தபோது, எல்லோரும் ஒரே ஜெட் கருவியில் ஹார்மோன் மருந்து போட்டுக்கொண்டவர்கள் என்று தெரிந்தது.

ஊசியே இல்லாத கருவியில் ரத்தம் எப்படி ஒட்டியது? மருந்து தோலைத் துளைத்துப் பாயும்போது, உள்ளே போன வேகத்தில் ஒரு சிறு பகுதி திரும்பித் தெறிக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமும் திசு நீரும் கலந்திருக்கும். அது கருவியின் முனையில் படிகிறது, துளைக்குள்ளும் போகிறது. அடுத்தவர் தோளில் வைத்து அழுத்தும்போது மருந்தோடு சேர்ந்து அதுவும் போகிறது. வெளிப்புறத்தைப் பஞ்சால் துடைக்கலாம். துளைக்குள் பஞ்சு போகாது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாள்வரை உயிர்ப்போடு இருக்கக்கூடியது. தொற்றுவதற்கு அதற்குத் தேவைப்படும் ரத்தத்தின் அளவோ மிகமிகக் குறைவு.

எய்ட்ஸ் பற்றிய அச்சமும் அப்போதுதான் உலகைப் பிடித்திருந்தது. 1997-ல் அமெரிக்க ராணுவம் பெட்-ஓ-ஜெட்டை நிறுத்திவிட்டது. முனையின் மேல் ஒவ்வொருவருக்கும் புதிய பிளாஸ்டிக் மூடி போட்டால் சரியாகிவிடும் என்று சில நிறுவனங்கள் முயன்றன. சோதனையில் மூடியையும் தாண்டி ரத்தம் கசிந்தது தெரிந்தது. ஒரே முனையைப் பலருக்குப் பயன்படுத்தும் ஜெட் கருவிகளின் காலம் அத்தோடு முடிந்தது.

இரண்டாகப் பிரிந்த கருவி

பிறகு பொறியாளர்கள் கருவியை இரண்டாகப் பிரித்தார்கள். அழுத்தம் கொடுக்கும் பகுதி பொதுவானது; அது மருந்தைத் தொடாது, தோலையும் தொடாது. மருந்து நிற்கும் குழாயும் அது வெளியேறும் முனையும் ஒருவருக்கு ஒன்று. போட்டு முடித்ததும் குப்பைக்குப் போய்விடும், மறுபடி பயன்படுத்த முடியாது.

இந்த வகைக் கருவி இந்தியாவுக்கும் வந்தது. அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உருவாக்கிய சைகோவ்-டி கொரோனா தடுப்பு மருந்துக்கு 2021 ஆகஸ்ட் 20 அன்று அவசரகால அனுமதி கிடைத்தது. மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்ட உலகின் முதல் டி.என்.ஏ. தடுப்பு மருந்து இதுதான். 'டிராபிஸ்' என்ற ஸ்பிரிங் கருவியால் தோலுக்குள் செலுத்தப்பட்டது. அரசு வாங்கிய விலை ஒரு தவணைக்கு 265 ரூபாய், ஊசியில்லாக் கருவிக்குத் தனியாக 93 ரூபாய். 2022 பிப்ரவரியில் பாட்னாவில் போடத் தொடங்கினார்கள். சாதாரண சிரிஞ்ச் சில ரூபாய்க்கே கிடைக்கும் நாட்டில், 93 ரூபாய் என்பது பெரிய வித்தியாசம்.

வலியே இருக்காதா? இருக்கும். ரப்பர் பேண்டை இழுத்துத் தோலில் விட்டால் எப்படிச் சுரீர் என்று இருக்குமோ, ஏறக்குறைய அப்படி. சிலருக்குச் சிவந்து போகும், ஒரு பொட்டு ரத்தம் வரும். நரம்பில் மருந்து ஏற்றவும், ரத்தம் எடுக்கவும் இது உதவாது. ஆனால், குத்திய ஊசியை எங்கே போடுவது, நர்ஸ் விரலில் குத்திக்கொண்டால் என்ன ஆவது என்ற கவலைகள் இதில் இல்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியது

ஜெட் துப்பாக்கியை ஒழித்துக்கட்டிய அதே ஆபத்து, சாதாரண சிரிஞ்சிலும் இருக்கிறது. 'ஊசியை மாற்றிவிட்டோம், சிரிஞ்ச் அதே இருந்தால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. மருந்து போட்டு முடித்து ஊசியை வெளியே எடுக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் குழாய்க்குள்ளும் போயிருக்கலாம். ஊசியை மாற்றினாலும் அந்தக் குழாய் அடுத்தவருக்கு ஆகாது. அந்தச் சிரிஞ்சைப் பலருக்கான மருந்துக் குப்பிக்குள் விட்டால், மொத்தக் குப்பியும் கெட்டுவிடும். பாதுகாப்பில்லாத ஊசிகளால் 2000-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 2 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றியிருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

சர்க்கரை நோயாளிகள் உள்ள வீடுகளில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே இன்சுலின் என்றால், 'ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டு ஒரே பேனாவைப் பயன்படுத்தலாமே' என்று தோன்றும். கூடாது. ரத்தம் ஊசி வழியாகப் பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குழாய் வரைக்கும் போகக்கூடும். ஆளுக்கு ஒரு பேனா, பெயர் எழுதி ஒட்டித் தனித்தனியாக வைப்பதே சரி.

கிளினிக்கில் ஊசி போடும்போது, உறையைக் கண் முன்னால் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். பிரிக்கவில்லை என்றால் 'சிஸ்டர், புது சிரிஞ்ச்தானே?' என்று தயங்காமல் கேளுங்கள். போட்ட பிறகு அது குப்பையில் விழுகிறதா என்பதையும் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.