குறுக்கே வந்தவர்கள்

பாண்டி பஜார் நடைபாதையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'அழகுபடுத்தல்' என்ற சொல் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. ஏசுபவர்கள் அதைச் சொல்லி ஏசுகிறார்கள்; புகழ்பவர்களும் அதையே சொல்லிப் புகழ்கிறார்கள். இருவருமே விஷயத்தைத் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். 2019 நவம்பரில் சுமார் 40 கோடி ரூபாய்ச் செலவில் தியாகராய சாலையின் ஒரு பகுதியில் நடந்தது அலங்காரம் அன்று. வண்டிகள் பிடித்து வைத்திருந்த நிலத்தில் ஒரு பங்கு, நடப்பவர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. இருக்கைகளும் விளக்குகளும் அதன் மேற்பூச்சு மட்டுமே.

சாலை குறுகினால் நெரிசல் கூடும் என்பது வழக்கமான வாதம். கூடட்டுமே. அகலமாகவும் நேராகவும் கிடக்கும் தார்ச்சாலையில் எந்த ஓட்டுநரும் பலகையைப் பார்த்து வேகத்தைக் குறைப்பதில்லை. சாலையின் அமைப்பைப் பார்த்தே குறைக்கிறார். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி 50-இல் வந்தால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. முன்னதில் அடிபட்டவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். பின்னதில் அந்த உறுதி இல்லை. வாகனம் செல்லும் பகுதியைக் குறுக்குவதும், கடக்கவேண்டிய தூரத்தைக் குறைப்பதும், நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு அமைப்பதும் இந்தக் கணக்கை நம்பித்தான். இதில் அழகியல் எங்கே வந்தது?

நம் செய்தித்தாள்களின் இலக்கணத்தையும் கவனிக்கவேண்டும். 'சாலையைக் கடக்க முயன்ற முதியவர் மீது லாரி மோதியது' என்று எழுதுகிறார்கள். முயன்றவர் முதியவர், மோதியது லாரி, ஓட்டியவர் வாக்கியத்திலேயே இல்லை. அவ்வளவு அகலமாக, கடக்க வழியின்றிச் சாலையை வரைந்தவரோ எந்த வாக்கியத்திலும் வருவதில்லை. (எழுவாயை மறைப்பதற்கென்றே செயப்பாட்டுவினை பயன்படுகிறது என்று வகுப்பில் சொல்வதுண்டு. இங்கே அதுகூடத் தேவைப்படவில்லை.) மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். இத்தனை பேரும் 'குறுக்கே வந்தவர்கள்'தானா?

இன்னொரு வாதம், நடப்பவர்களை மேலே ஏற்றிவிடலாம் என்பது. முழங்கால் வலியுள்ள மூதாட்டி, கைக்குழந்தையோடும் துணிப்பையோடும் வருபவள், சக்கர நாற்காலிக்காரர் எல்லோரும் படியேறி இறங்கவேண்டும். ஒரு காரும் பத்து விநாடி காத்திருக்கலாகாது. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டைக்கு 3.2 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைக்கு 621 கோடி ரூபாய் ஒதுக்கி 2024-இல் பணி தொடங்கியபோது 'ஆடம்பரம்' என்று யாரும் முணுமுணுக்கவில்லை. நடைபாதைக்கு 40 கோடி என்றவுடன் மட்டும் எல்லோருக்கும் வரிப்பணம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

வணிகர்களின் அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அந்தத் தெருவில் வாங்குகிற கூட்டம் காரில் வந்து இறங்குகிற கூட்டமன்று. பேருந்திலும் மாம்பலம் ரயிலடியிலிருந்து நடந்தும் வருகிற கூட்டம். நடைபாதை வியாபாரிகளை 2013-இல் ஒரு வளாகத்துக்குள் அனுப்பியபோது நிழலும் பேரமும் தெருவிலிருந்து வெளியேற்றப்பட்டதைத்தான் நான் குறையாகச் சொல்வேன். தெருவின் முறையான பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. புகாரின் நாளங்காடியைச் சிலம்பில் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

குறைகள் இல்லாமலில்லை. மீட்ட நடைபாதையில் இருசக்கர வாகனங்கள் ஏறுகின்றன, நிற்கின்றன; தடுப்புக் கற்களுக்கிடையே வழி கண்டுபிடிப்பதில் நம்மவர்க்கு இணை இல்லை. இதைக் காட்டி 'பார்த்தீர்களா, தோல்வி' என்பது, திருடன் நுழைந்துவிட்டான் என்பதற்காக வீட்டையே இடித்துவிடச் சொல்வதற்கு ஒப்பானது. அபராதம் விதிக்கட்டும்.

இதைவிடப் பெரிய குறை, ஒரு தெருவைக் காட்சிப்பொருளாக வைத்துக்கொண்டு நகரம் ஓய்ந்துவிடுவது. சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்ற மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காட்டை நடைக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்கச் சொன்னது. 2018-க்குள் பாதசாரி மரணமே இருக்கக்கூடாது என்றது. அந்த 60 விழுக்காடு எங்கே போயிற்று என்று மாமன்றத்தில் ஆண்டுதோறும் கேட்கவேண்டும். அண்ணா சாலையில் மேலே தூண்கள் எழும்பும்போது, கீழே பேருந்துக்கு நிற்பவர் எதிர்ப்பக்கம் போக எத்தனை இடங்களில், எத்தனை விநாடி பச்சை விளக்கு எரியும் என்பதையும் வரைபடத்தோடு அச்சிட்டுத் தரட்டும்.